மூன்றாவது அடி

ஜூலிக்கு நான் மூன்று தரம் அடித்திருக்கிறேன். மூன்றும் நல்லா ஞாபகம் இருக்கு.

முதலாவது, அம்மாவின் செருப்பைக் கடித்ததுக்கு. இரண்டாவது, என்ர இரசாயனவியல் கொப்பிக்கு மேல மூத்திரம் பெய்ததுக்கு. மூன்றாவது, மாமியின் மகன் அவளுடைய சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போனபோது உறுமியதுக்கு. முதல் இரண்டும் கையால். மூன்றாவது பூவரசந்தடியால்.

அந்த மூன்றாவது அடியைப் பற்றித்தான் எழுதப் போறேன்.

2020 மே மாதம். ஊரடங்கைத் தளர்த்திய ஒரு நாளில் அப்பா சாமான் வாங்கச் சைக்கிளில் சந்தைக்குப் போனார். திரும்பி வந்தபோது மரக்கறிப் பைக்குள், பூசணித் துண்டுக்கும் பாணுக்கும் நடுவில ஒரு நாய்க்குட்டி. சந்தைக்குப் பின்னால் கட்டி எறிந்திருந்த உரப்பைக்குள் நாலு குட்டிகள் கிடந்ததாம். மூன்று செத்துப்போச்சு. நாலும் பெட்டை. எங்கட ஊர்ப்பக்கம் கடுவன் குட்டி என்றால் “எனக்கொண்டு தாங்கோ” என்று ஆட்கள் வருவினம். பெட்டைக்குட்டியை ஒருத்தரும் கேட்கிறதில்லை. “அது குட்டி போட்டா ஆர் பாக்கிறது?” என்று ஒரு கேள்வியோட கதை முடிஞ்சிடும்.

அப்பா இரக்கப்பட்டுத்தான் கொண்டுவந்தார். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் இரக்கம் மட்டும் ஒரு நாயை வளர்க்கக் காணாது என்று விளங்க எங்களுக்கு ஒரு வருசம் எடுத்தது. மிஞ்சின சோறும் குழம்பும் வைத்தோம். பகலில் சங்கிலி, இரவில் அவிழ்த்துவிடுவோம். ஊசி? “பிறகு போடுவம்.” பழக்குவது? அதை ஒருத்தரும் யோசிக்கவே இல்லை. பிழை செய்தால் அடி. அவ்வளவுதான். “அடியாத மாடு படியாது” என்பதைப் பள்ளிக்கூடத்திலும் ரியூசனிலும் வீட்டிலும் கேட்டு, முதுகாலும் கையாலும் படித்து வளர்ந்த பிள்ளை நான். எனக்கு வேற வழி தெரியாது.

மூன்றாவது அடி விழுந்தது அந்த வருசம் மார்கழியில். மாமியின் மகனுக்கு அப்போது நாலரை வயசு. ஜூலி சாப்பிட்டுக்கொண்டு இருக்க, அவன் குந்தியிருந்து கோப்பைக்குள் கையை நீட்டினான். அவள் தலையைத் தூக்காமல், உடம்பு விறைக்க, தொண்டைக்குள்ளால் “ர்ர்ர்” என்றாள். நான் வேலியோரம் கிடந்த தடியை எடுத்து நாலு போட்டேன். அவள் கத்திக்கொண்டு கோடிக்குள் ஓடினாள். “சின்னப் பிள்ளையைப் பாத்து உறுமுறியோ?” என்று நான் கத்தினதும் ஞாபகம் இருக்கு.

அதுக்குப் பிறகு ஜூலி உறுமினதே இல்லை. சாப்பிடேக்க ஆர் கிட்டப் போனாலும் சத்தமில்லை. “பாத்தியே, ஒரு அடியோட திருந்தீட்டுது” என்றார் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் ஒரு நாயைப் பழக்கிவிட்டேன்.

நாலு மாதம் கழித்து, 2021 சித்திரை வருசப் பிறப்பு அன்று, அதே இடத்தில் அதே பெடியன் அதே மாதிரிக் குந்தினான். ஜூலி உறுமவில்லை. நேரே கடித்தாள்.

புறங்கையில் இரண்டு பல் அடையாளம். ஆழமில்லை, ஆனால் இரத்தம் வந்தது. வீடே கத்தியது. அம்மம்மா மஞ்சளோடு ஓடி வந்தா. முன் வீட்டு அன்ரி தாதியாக இருந்து ஓய்வுபெற்றவா. அவாதான் இடையில் பூந்து, “மஞ்சளும் வேண்டாம், கோப்பித்தூளும் வேண்டாம். ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு 15 நிமிசம் கழுவுங்கோ. பிறகு நேரா ஆஸ்பத்திரி” என்றா. இதை வாசிக்கிற நீங்கள் வேற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி ஒருமுறை தொடங்கிவிட்டால், அதுக்குப் பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அதுக்கு முதல் கழுவி ஊசியும் போட்டால் தப்பலாம். அரச ஆஸ்பத்திரிகளில் அந்த ஊசிக்குக் காசும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி: “நாய்க்கு ஊசி போட்ட அட்டை இருக்கோ?”

நாங்கள் மூன்று பேர் நின்றோம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நாயைக் கட்டி வைத்து 14 நாள் கவனிக்கச் சொன்னார்கள். செத்தால், சுகமில்லாமல் போனால், காணாமல் போனால் உடனே வந்து சொல்லவேணும். பிள்ளைக்கு ஊசி தொடங்கினார்கள். அவன் ஊசிக்கு அழுத ஒவ்வொரு தரமும் மாமி என்னைப் பார்த்தா. ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் முடிவு எடுத்தாயிற்று. ஜூலியை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் எங்கேயாவது தூரத்துச் சந்தையில் விடுறது. எங்கட ஊரில் இதுக்குப் பெயர் ‘கொண்டுபோய் விடுறது’. கேட்டால் ஏதோ சொந்தக்காரர் வீட்டில் விடுகிற மாதிரி இருக்கும். ஆனால் 14 நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேணுமே. அந்த 14 நாள்தான் அவளைக் காப்பாற்றியது.

நான் அடுத்த நாளே கால்நடை வைத்தியரிடம் போனேன். கடித்த நாயை என்ன செய்வது என்று கேட்கத்தான் போனது. அவா என்னிடம் கேட்டா:

“இதுக்கு முதல் உறுமிறதோ?”

“முந்தி உறுமும் டொக்டர். இப்ப இல்லை.”

“ஏன் இப்ப இல்லை?”

நான் பேசாமல் நின்றேன்.

“அடிச்சனீங்களோ?”

தலையை ஆட்டினேன். அவா ஏசவில்லை. “தங்கச்சி, உறுமல் எண்டது நாய் சொல்லுற சொல்லு. ‘எனக்குப் பயமாக் கிடக்கு, தள்ளிப் போ’ எண்டு சொல்லுது. நீங்கள் அந்தச் சொல்லுக்கு அடிச்சிருக்கிறியள். பயம் போகேல்லை, சொல்லுறதுதான் நிண்டிருக்கு. நெருப்பு எரியேக்க அலாரத்தைக் கழட்டின மாதிரி” என்றா.

அண்டிரவு நித்திரை வரவில்லை. உரப்பைக்குள் செத்த குட்டிகளோடு கிடந்து தப்பி வந்த குட்டி அது. சாப்பாடு பறிபோயிடும் என்று அது பயப்படாமல் வேற ஆர் பயப்படுறது? கை நீட்டினால் சாப்பாடு போகும் என்ற பயத்தோடு, கை வந்தால் தடியும் வரும் என்ற இரண்டாவது பயத்தையும் நான்தான் கொடுத்தேன். அந்தப் பெடியனின் கையில் இருந்த இரண்டு அடையாளமும் ஜூலியின் பல்லால் வந்தது. ஆனால் அதில் பாதி என்ர தடி.

அதுக்குப் பிறகு வாசிக்கத் தொடங்கினேன். A/L எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம், நேரம் நிறையக் கிடந்தது. இவான் பவ்லோவின் நாய் கதை பாடப் புத்தகத்தில் படித்ததுதான். ஒரு சத்தத்துக்குப் பிறகு தொடர்ந்து சாப்பாடு வந்தால், பிறகு சத்தத்துக்கே நாய்க்கு வாயூறும். அதை நாங்கள் பரீட்சைக்குப் பாடமாக்கினோமே தவிர, வாசலில் கட்டிக் கிடக்கிற நாயோடு பொருத்திப் பார்க்கவில்லை. எட்வேட் தோர்ண்டைக் பூனைகளைப் பெட்டிக்குள் விட்டுப் பார்த்துச் சொன்னதும் சின்ன விசயம்தான். நல்ல விளைவைத் தந்த செயலை மிருகம் திரும்பவும் செய்யும். பி. எஃப். ஸ்கின்னர் அதை விரித்து ஆராய்ந்தார். அவருடைய மாணவர்கள் கெலர் பிரெலண்டும் மரியன் பிரெலண்டும் 1940களில் அதை ஆய்வுகூடத்துக்கு வெளியில் கொண்டுவந்து, கோழி தொடங்கிப் பல மிருகங்களைத் தீனி கொடுத்தே பழக்கினார்கள்.

எனக்கு ஆகலும் பிடித்தது கரன் பிரையரின் கதை. 1960களில் ஹவாயில் டொல்பின்களைப் பழக்கியவர். டொல்பினுக்குச் சங்கிலி போட ஏலாது. தடியால் அடிக்கவும் ஏலாது, அது நீந்திப் போயிடும். அப்ப என்ன செய்யிறது? அது சரியாகச் செய்கிற அந்தக் கணத்தில் ஒரு விசில், பிறகு ஒரு மீன். அவ்வளவுதான். பிறகு 1984 இல் அவர் இதைப் புத்தகமாகவே எழுதினார். நாயோடும் மனிசரோடும் கூட இதே வழியில் போகலாம் என்று. வாசித்தபோது எனக்கு வந்த கேள்வி இதுதான்: ஓடித் தப்ப முடியாத மிருகம் என்றபடியால்தானே நாங்கள் நாய்க்கு அடிக்கிறோம்?

அப்பாவிடம் இதைச் சொன்னேன். “நாய்க்கு ஆர் எசமான் எண்டு முதல் காட்டோணும். ஓநாய்க் கூட்டத்தில ஒரு தலைவன்தான்” என்றார். அதையும் தேடினேன். அந்தக் கதை பெரும்பாலும் 1947 இல் ருடோல்ஃப் ஷெங்கல் எழுதிய ஆய்விலிருந்து வந்தது. அவர் பார்த்தது காட்டு ஓநாய்களை அல்ல, கூண்டுக்குள் அடைத்து வைத்திருந்த ஓநாய்களை. 1970 இல் டேவிட் மெக் எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. அதே மெக் பிறகு காட்டில் வருசக்கணக்காக ஓநாய்களைப் பார்த்துவிட்டு, 1999 இல் தான் முன்பு எழுதியது சரியில்லை என்று எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள். சண்டை பிடித்துத் தலைவனாகிறதில்லை. பெற்றோர் என்றபடியால் முன்னுக்குப் போகினம். “அப்ப வீடு மாதிரித்தான் அப்பா” என்றேன். அவர் ஒண்டும் சொல்லேல்லை.

அம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. செருப்பைக் கடித்த அன்று, நான் அதைக் கண்டதே ஒரு மணித்தியாலம் கழித்து. இழுத்துக்கொண்டு வந்து காட்டி அடித்தபோது ஜூலி காதைப் பின்னுக்கு மடித்து, கண்ணைத் திருப்பி, தரையோடு தரையாகப் பதுங்கினாள். “பார், செய்த பிழை அதுக்குத் தெரியுது” என்றா அம்மா. அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009 இல் இதையே சோதித்தார். சாப்பிடாதே என்று வைத்துவிட்டுப் போன தீனியை நாய் சாப்பிட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த ‘குற்றவாளி முகம்’ கூடிக் குறையவில்லை. சொந்தக்காரர் ஏசினால்தான் கூடியது. ஒன்றுமே செய்யாத நாயும் ஏச்சு விழுந்தால் அந்த முகத்தைக் காட்டியது. ஜூலி அன்று செருப்பை நினைத்துப் பதுங்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பதுங்கினாள்.

சரி, நான் என்ன செய்தேன்?

முதல் வேலை, கோடிக்குள் மாமரத்துக்குக் கீழ் அவளுக்கு ஒரு அமைதியான இடம். சங்கிலியை மாற்றி நீளமான கயிறு. பிள்ளைகள் அந்தப் பக்கம் வராமல் தகரப் படலை. பிறகு கோழி ஈரல் கொஞ்சம் வாங்கி, உப்பு, வெங்காயம் ஒன்றும் போடாமல் அவித்து, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினேன். வெங்காயம் நாய்க்குக் கூடாது என்பதும் அப்பதான் தெரியும். ஒரு வருசமாக வெங்காயக் குழம்புதான் ஊத்தியிருக்கிறோம்.

அவள் சாப்பிடும்போது, அவள் உடம்பு விறைக்காத தூரத்தில், ஏறத்தாழ எட்டு அடி தள்ளி, சும்மா நடந்து போனேன். போகும்போது ஒரு ஈரல் துண்டை அவள் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் போய்விட்டேன். கோப்பையைத் தொடவில்லை. ஒரு நேரச் சாப்பாட்டுக்கு ஐந்தாறு தரம். மனிசர் கிட்ட வந்தால் சாப்பாடு குறையாது, கூடும் என்பதை அவள் தானே கண்டுபிடிக்கவேணும். மூன்றாம் நாள் ஏழு அடி. ஒரு நாள் அவசரப்பட்டு நாலு அடிக்குப் போனேன், அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கண்ணின் வெள்ளை தெரிய என்னைப் பார்த்தாள். நான் பின்னுக்கு வந்தேன். அந்த நேரம் அவளைப் பேசத் தோன்றவில்லை. சொன்னாளே என்று சந்தோசமாக இருந்தது.

வேறு நேரங்களில் ‘இரு’ பழக்கினேன். விசிலுக்குப் பதிலாகக் ‘கிளிக்கர்’ என்றொரு சின்னச் சாமான் பாவிக்கிறார்கள். நான் பாவித்தது அமத்துற பேனை. அவள் குந்தும் அந்தக் கணத்தில் ஒரு ‘டிக்’, உடனே ஒரு துண்டு. ஒன்றிரண்டு செக்கனுக்குள் கொடுக்க வேணும், பிந்தினால் எதுக்குக் கிடைத்தது என்று அவளுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் ஐந்து நிமிசம். நாலாம் நாள் பேனையை எடுத்ததுமே குந்தத் தொடங்கிவிட்டாள்.

14 ஆம் நாள் ஜூலி சுகமாக இருந்தாள். மாமியின் மகனும் சுகம். நாய் திருந்திவிட்டதா? இல்லை. ஆனால் அன்றைக்கு நான் இரண்டு அடி தூரத்தில் போனபோது, அவள் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கி வாலை ஆட்டினாள். அப்பா விறாந்தைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டோக் கதை அதுக்குப் பிறகு வரவில்லை.

இதை வாசித்துவிட்டு, ஈரல் துண்டு எல்லாவற்றையும் சரிப்படுத்தும் என்று நினைக்க வேண்டாம். கடித்த நாய் என்றால் தனிய வெளிக்கிடாமல் முதல் ஒரு மிருக வைத்தியரோடு கதையுங்கள். சில நேரம் நோவும் காரணமாக இருக்கும். எவ்வளவு பழகின நாயாக இருந்தாலும் சாப்பிடும்போது சின்னப் பிள்ளையைக் கிட்ட விடக்கூடாது. அது நாயின் பொறுப்பு இல்லை, எங்கட பொறுப்பு.

பொறுப்பு என்றால் ஊசியும்தான். அரசாங்கமே நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி இலவசமாகப் போடுகிறது. வருசா வருசம் போட்டு அட்டையைக் கவனமாக வைக்கவேண்டியதுதான் எங்கட வேலை. நாய்களைப் பதிவு செய்யிற சட்டம் 1901 இலேயே வந்திட்டுது. மிருகங்களை வதைக்கிறதுக்கு எதிரான சட்டம் 1907 இல். சட்டம் அம்மம்மாவை விடப் பழசு, ஆனால் எங்கட ஒழுங்கையில் பதிந்த நாய் எத்தனை என்று கேட்டால் ஆட்கள் சிரிப்பினம். ஜூலிக்கு அந்த வருசமே கருத்தடை செய்தோம். “பாவமடி, ஒருக்காலாவது குட்டி போடட்டும்” என்றா அம்மம்மா. உரப்பைக்குள் செத்துக் கிடந்த மூன்றையும் ஞாபகப்படுத்தினேன். பிறகு அவாவே கருத்தடை முடிந்து வந்தவளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தா.

எங்கட ஒழுங்கை முடிவில் ஒரு வைரவர் கோயில் இருக்கு. வைரவருக்கு வடைமாலை சாத்தி, அவருக்குப் பக்கத்தில் நிற்கிற கல் நாயையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியில் வருகிற ஆட்களே, வாசலில் படுத்திருக்கிற உயிருள்ள நாயைக் காலால் தட்டுறதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். முந்தி நானும் தட்டியிருக்கிறேன்.

இப்ப கம்பஸ் லீவில் ஒழுங்கைப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆறாம் வகுப்புப் பெடியன் ஒருத்தன், பின்னம் படிப்பித்து முடிய “விளங்கீட்டுதோ?” என்று கேட்டால் டக்கென்று தலையாட்டுவான். கொப்பியைப் பார்த்தால் வெறும் தாள். வேற ஒரு இடத்தில் விளங்கேல்லை என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறான். அவன் தலையாட்டினபோது எனக்கு, சத்தமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜூலிதான் கண்ணுக்குள் வந்தாள். அடுத்த நாளிலிருந்து ஒரு விதி போட்டேன். “விளங்கேல்லை” என்று சொல்கிற ஆளுக்கு ஒரு டொபி. முதல் நாள் ஒருத்தரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவன் கையைப் பாதி தூக்கி, என்ர முகத்தைப் பார்த்து, பிறகு முழுக்கத் தூக்கினான்.

போன கிழமை ஜூலி உறுமினாள். வருசக்கணக்குக்குப் பிறகு முதல் தரம். மாமியின் மகன் புதுச் சைக்கிளை மணி அடித்துக்கொண்டு அவள் படுத்திருந்த மாமரத்தடிக்கே ஓட்டிக்கொண்டு வந்தான். தொண்டைக்குள்ளால் அதே “ர்ர்ர்”. நான் குசினிக்குள் இருந்து ஓடி வரமுதல் அப்பா எழும்பிவிட்டார். வேலியோரம் பூவரசந்தடிகள் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

“தம்பி, அங்கால தள்ளி ஓட்டு” என்றார். “அவள் சொல்லுறாளெல்லே.”